நாலு டின் பெட்ரோல்

பொன்மலை முன்னாள் படைவீரர் சங்கத்தில் மாத்ருபூதத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: காய்ச்சல்காரர். வைத்தவர் சங்கத்துக் காரியதரிசி, ஹவில்தார் தங்கையன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடும். பர்மாவில் பாலம் கட்டியவர் மறுபடியும் பாலத்தைக் கட்டுவார். ஆப்பிரிக்காவில் மணலைத் தின்றவர் மறுபடியும் மணலைத் தின்பார். மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மாத்ருபூதம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சுரபாயாவுல…” என்று ஆரம்பித்தால் மட்டும் தங்கையனின் வலது கை டிராபிக் போலீஸ்காரர் கை மாதிரி எழும்பிவிடும்.

“அவருக்கு அப்ப மலேரியா. நூத்தி நாலு டிகிரி. என்னென்னமோ கண்ணுல தெரிஞ்சிருக்கும். விட்டுடுங்க, பாவம்.”

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் மாத்ருபூதத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரியும். ஆனால் அதற்குள் காபி வந்துவிடும். காபி வந்த பிறகு எவன் கதை கேட்பான்?

அவர் சொல்ல வந்தது பெரிய மகாபாரதமும் இல்லை. நாற்பத்தைந்தாம் வருஷம் ஆகஸ்டில் ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான், சண்டை முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று பட்டாளத்தில் எல்லோரும் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஊருக்குப் போகவேண்டிய கப்பல் ஜாவாவுக்குப் போனது. அங்கே ஜப்பான்காரன் அடைத்து வைத்திருந்த டச்சுக்காரப் பெண்டு பிள்ளைகளை மீட்க வேண்டும் என்றார்கள். அது பொய்யில்லை. மாத்ருபூதமே தன் லாரியில் நாலு நடை அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு குழந்தை அவர் மடியிலேயே வாந்தி எடுத்தது. ஆனால் அந்த ஊர் ஜனங்களுக்கு டச்சுக்காரன் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயம். ‘எங்கள் நாடு எங்களுக்கு’ என்று சிவப்பு வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டு அவர்கள் நின்றார்கள். அவர்களைச் சுடச் சொல்லி, தன் நாடு தனக்குக் கிடைக்காத இந்தியாக்காரனை அனுப்பினான் வெள்ளைக்காரன். கெட்டிக்காரன்தான், என்ன சொல்வது.

சண்டை மூள்வதற்கு முன்னால் ஒரு நாள் மாத்ருபூதத்தின் லாரி ஒரு சந்தில் சூடேறி நின்றுவிட்டது. எதிர் வீட்டுத் தையல்காரர் ஒரு கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினார். இன்னொரு கெட்டில் கொண்டுவந்து மாத்ருபூதத்திடம் நீட்டி, “ஆயர்” என்றார். தண்ணீர். பிறகு தன் மார்பைத் தொட்டு, “மெர்தேக்கா” என்றார். சுதந்திரம். மாத்ருபூதத்தின் மார்பைத் தொட்டு, “இந்தியா, மெர்தேக்கா” என்று சிரித்தார். மூன்று வாரம் கழித்து, நவம்பர் மாசம், அதே சந்தைக் கொளுத்தும்படி உத்தரவு வந்தது. வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு சுடுகிறார்களாம், ஒளிய வீடே இருக்கக் கூடாதாம். மாத்ருபூதத்தின் லாரியிலிருந்து நாலு டின் பெட்ரோல் இறங்கியது. இறக்கச் சொன்னவர் ஹவில்தார் தங்கையன். தையல்காரர் வீட்டு ஓலைக் கூரையில் ஊற்றியது மாத்ருபூதத்தின் கை. வாசல் வழியே தையல் மிஷின் தெரிந்தது. உள்ளே ஆள் இருந்தாரா என்று பார்க்க நேரம் இருந்தது. பார்க்கவில்லை.

அதற்கு மறுநாளே அவருக்குக் காய்ச்சல் கண்டது என்பதும் உண்மை. பதினைந்து நாள் ஆஸ்பத்திரிக் கப்பலில் கிடந்தார். அந்தப் பதினைந்து நாளைத்தான் தங்கையன் பன்னிரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை மாத்ருபூதம் கேள்விப்பட்டிருக்கிறார். ஒரு தெருவையே ஒரு தெர்மாமீட்டருக்குள் மறைத்த கெட்டிக்காரர் தங்கையன் ஒருவர்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளாக மாத்ருபூதத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை காய்ச்சல்தானோ? கெட்டில் இருந்ததா, மிஷின் இருந்ததா? ‘ஆமாய்யா, நடந்துச்சு’ என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்று அவர் தவித்தார். அன்று அந்தச் சந்தில் நின்ற மற்ற இரண்டு பேர் வடக்கத்திக்காரர்கள், எங்கே இருக்கிறார்களோ. தெரிந்த ஒரே சாட்சி தங்கையன்.

உறையூரில் வீட்டிலும் இதே கதைதான். மனைவியின் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை சுவாமி பெயர் மாப்பிள்ளைக்கு, அம்பாள் பெயர் பெண்ணுக்கு, இதைவிடப் பொருத்தம் உண்டா என்று பெரியவர்கள் ஜாதகத்தைக் கூடப் பார்க்காமல் முடித்த கல்யாணம். பொருத்தம் பெயரோடு நின்றுவிட்டது.

“அதையே நெனச்சு நெனச்சு ஏன் உருகுறீங்க? இது ஐப்பசி மாசம். அம்மா மண்டபத்துல போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க. துலா மாசத்துல காவேரியில முங்குனா எல்லாம் போயிடும்.”

“என்னா போயிடும்?”

“பாவம்தான்.”

“நான் அப்படி ஒண்ணு பண்ணவே இல்லேங்குறான் தங்கையன். பண்ணாத பாவத்துக்கு எதுக்கு முழுக்கு?”

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து நீட்டினாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஏழு மணிச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் போய்ச் சேர வேண்டும்.

அந்த வருஷம், ஐம்பத்தேழில், இந்தோனேசியா ரயில்வேயிலிருந்து பயிற்சிக்காக ஒரு இளைஞர் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பெயர் சுதர்சோனோ. இருபத்து நாலு வயசு, ஒல்லி, யாரைக் கண்டாலும் லேசாகக் குனிந்து சிரிப்பார். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டைம் ஆபீஸ் கிளார்க் வேணுகோபாலுக்கு அந்தப் பெயரைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. “சுதர்சனம்! சாட்சாத் சக்கரத்தாழ்வார் திருநாமம்னா இது” என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சுதர்சோனோ தொப்பி வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பியதைப் பார்த்து அவர் இரண்டு நாள் குழம்பிப்போனார்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் எரெக்டிங் ஷாப்பில் மாத்ருபூதம் பிட்டர். முதல் நாளே அந்த இளைஞருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, தன்னையறியாமல், “ஆயர்” என்றார்.

சுதர்சோனோ ஆச்சரியப்பட்டு இங்கிலீஷில் கேட்டார்: “இந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பினாங்கு. பினாங்குல கொஞ்ச நாள் இருந்தேன்” என்று மாத்ருபூதம் பட்டாளத்து இங்கிலீஷில் சொல்லிவிட்டார். பினாங்கை அவர் கப்பலிலிருந்துகூடப் பார்த்தது கிடையாது.

“நான் சுரபாயா” என்றார் அந்த இளைஞர்.

மாத்ருபூதம் ஸ்பானரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பன்னிரண்டு வருஷமாக எந்த ஊர்ப் பெயரைச் சொல்ல விடாமல் கையைக் காட்டி அடக்கினார்களோ, அந்த ஊரே பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் பினாங்கு என்று உளறிவிட்டோமே என்று அன்று சாயங்காலம் உறையூர் வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாசம் சந்தர்ப்பம் பார்த்தார். ஷாப்பில் எப்போதும் பக்கத்தில் நாலு பேர். அதோடு, அவருக்குத் தெரிந்த அந்த ஊர்ப் பாஷை ‘ஆயர்’, ‘மெர்தேக்கா’ போக மற்றதெல்லாம் பட்டாளம் சொல்லிக்கொடுத்தது: நில், வெளியே வா, கையைத் தூக்கு. அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணுகோபால் அவரை ஸ்ரீரங்கம் பார்க்க அழைத்துப் போகிறார் என்று கேள்விப்பட்டு மாத்ருபூதமும் ஒட்டிக்கொண்டார். பார்த்தால், பஸ் ஸ்டாப்பில் தங்கையன் மடிப்புக் கலையாத சட்டையும் தோளில் இரவல் கேமராவுமாக நிற்கிறார். வெளிநாட்டு விருந்தாளியை விடுவாரா அவர்? பிரகாரம் முழுக்க அவர் வாய் ஓயவே இல்லை. கடைசியில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வந்தார்கள். ஐப்பசி வெள்ளம் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது, படி கொள்ளாத கூட்டம்.

“எங்கள் ஊர் நதியும் இந்த நிறம்தான்” என்றார் சுதர்சோனோ. “ஏன் இத்தனை பேர் குளிக்கிறார்கள்?”

“துலா ஸ்நானம். இந்த மாசம் காவேரியிலே தீர்த்தமாடினா சகல பாபமும் நிவர்த்தியாயிடும்னு ஐதீகம்” என்று வேணுகோபால் தமிழில் கரைந்து, பிறகு இங்கிலீஷில் சொன்னார்.

சுதர்சோனோ தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணீர் போதுமா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இதுதான் நேரம் என்று மாத்ருபூதம் வாயைத் திறந்தார். “மிஸ்டர் சுதர்சோனோ, உங்க ஊருல…”

“போட்டோ!” என்றார் தங்கையன். “எல்லாரும் இப்படி வாங்க. பூதம், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

பஸ்ஸில் திரும்பும்போதுதான் தங்கையன் தன் திட்டத்தை அவிழ்த்தார். பயிற்சி முடிந்து சுதர்சோனோ அடுத்த மாசம் ஊருக்குத் திரும்புகிறார். நவம்பர் பத்து ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தில் அவருக்கு வழியனுப்பு உபசாரம். சங்கத்தில் ஏழு பேர் ஜாவாவில் சேவை செய்தவர்கள். ஏழு பேரும் அதற்குக் கொடுத்த பதக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

மாத்ருபூதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பதக்கம் அவர் வீட்டில் பட்டன் டப்பாவுக்குள் கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜா தலை. ஊதாவும் பச்சையுமாக நாடா. நாடாவின் குறுக்கே ஒரு பட்டையில் இங்கிலீஷ் எழுத்து. ஒரு தடவை வேணுகோபாலிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். “எஸ். இ. ஏஷியா, 1945–46. தென்கிழக்கு ஆசியான்னு அர்த்தம்” என்றார் அவர்.

“ஹவில்தார், யோசிச்சுத்தான் பேசுறீங்களா? அந்தப் பதக்கம் எதுக்குக் குடுத்தான்? அந்தப் பையன் ஊரு ஜனங்களைச் சுட்டதுக்குக் குடுத்தான். அதை அந்தப் பையனுக்கே காட்டுறதா?”

“சுட்டதுக்குன்னு அதுல எழுதியிருக்கா? தென்கிழக்கு ஆசியான்னு எழுதியிருக்கு. அவரு ஊரும் தென்கிழக்கு ஆசியா. நம்ம ஊரு பேரைப் போட்டு பதக்கம் வச்சிருக்காங்களேன்னு சந்தோஷப்படுவாரு.”

“தேதி போட்டிருக்கே.”

“தேதி எல்லாத்துலயும்தான் போடுவான்.” தங்கையன் குரலைத் தாழ்த்தினார். “நாம அங்க போயி பொம்பளை புள்ளைங்களைக் காப்பாத்துனோம். நீயும்தான் லாரி ஓட்டுனே. அதைச் சொல்லுவோம். மத்ததெல்லாம் உன் காய்ச்சல். அப்படியே ஒண்ணு ரெண்டு நடந்திருந்தாலும், எய்தவன் இருக்க அம்பை நோகலாமாய்யா?”

“அம்புக்குக் கண்ணு கெடையாது. எனக்கு இருந்துச்சு” என்றார் மாத்ருபூதம்.

தங்கையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவேரிப் பாலம் முடியும் வரை அவர் திரும்பவே இல்லை.

இன்னொன்றும் மாத்ருபூதத்தை அரித்தது. நவம்பர் பத்து. விடிகாலை ஆறு மணிக்குக் கப்பலிலிருந்து சுரபாயா மேல் குண்டு போட ஆரம்பித்த தேதி அது. அதைச் சொன்னால், “அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஒர்க்‌ஷாப் லீவு” என்பார் தங்கையன். அதனால் சொல்லவில்லை. செவிடன் காதில் எத்தனை சங்குதான் ஊதுவது?

நவம்பர் பத்தும் வந்தது. வெளியே தூறல். சங்கத்துக் கூடத்தில் காகிதத் தோரணம், இரண்டு நாட்டுக் கொடி, கேசரி, பஜ்ஜி. ஏழு பேரும் சலவைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். தங்கையன் பேசினார். ஜாவாவின் சுதந்திரத்துக்குத் தமிழ்நாட்டு வீரர்கள் ஆற்றிய தொண்டு என்றார். மாத்ருபூதம் கூரையைப் பார்த்தார். கூரை இடிந்து விழவில்லை.

“இப்போது நமது விருந்தாளி தம் கையாலேயே நமது வீரர்களுக்குப் பதக்கத்தை அணிவிப்பார்!”

இது திட்டத்தில் இல்லாத புதுச் சங்கதி. ஒரு தாம்பாளத்தில் பதக்கங்களை வைத்து நீட்டினார்கள். சுதர்சோனோ சிரித்த முகத்தோடு முதல் பதக்கத்தை எடுத்தார். நாடாவைத் திருப்பினார். பட்டையைப் படித்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. அவர் அந்தப் பதக்கத்தைக் குத்தினார். இரண்டாவதையும் குத்தினார். ஒவ்வொன்றாக, ஊசி தோலில் படாமல், மெதுவாகக் குத்திக்கொண்டே வந்தார். ஏழாவது ஆள் மாத்ருபூதம். தாம்பாளம் காலி. அவருடைய பதக்கம் அவர் பையிலேயே இருந்தது.

“எடுங்க பூதம்” என்று பல்லைக் கடித்தார் தங்கையன்.

“கொண்டுவரலை” என்று மாத்ருபூதம் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

சுதர்சோனோ ஒரு விநாடி அவரைப் பார்த்துவிட்டு லேசாகக் குனிந்தார். பிறகு மேடையில் ஏறி இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். “இன்று நவம்பர் பத்து. இன்று எங்கள் ஊரில் எல்லோரும் தெருவில் நின்று செத்தவர்களை நினைப்போம். இந்த வருஷம் நான் இங்கே நிற்கிறேன். நீங்கள் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தீர்கள். நன்றி.”

தங்கையன் மைக்கைப் பிடித்துத் தமிழ்ப்படுத்தினார்: “இன்னைக்கு அவங்க ஊருல திருவிழாவாம். அந்தத் திருவிழாவை உங்களோட கொண்டாடுற மாதிரி இருக்குன்னு சொல்றாரு.”

கூடம் அதிரக் கைதட்டினார்கள். மாத்ருபூதத்துக்குத் தாம்பாளத்தைத் தூக்கி யார் தலையிலாவது போட வேண்டும்போல் இருந்தது.

பஜ்ஜிக்குக் கூட்டம் சேர்ந்த நேரத்தில் சுதர்சோனோ மெல்ல வெளியே போய்ச் சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே நின்றார். மாத்ருபூதம் பின்னாலேயே போனார். இந்தத் தடவை வாயைத் திறந்தவர் மூடவில்லை. பினாங்கு பொய் என்றார். லாரி என்றார். கெட்டில், தண்ணீர், தையல்காரர், நாலு டின் பெட்ரோல், ஓலைக் கூரை. இங்கிலீஷ் போதாத இடத்தில் கையால் காட்டினார். உள்ளே பார்க்காமல் வந்துவிட்டேன் என்பதையும் சொன்னார்.

“அந்தத் தையல்காரர் பொழைச்சாரான்னு தெரியணும். நீங்க அந்த ஊருதானே.”

சுதர்சோனோ மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எந்தக் குடியிருப்பு? என்ன பெயர்?”

மாத்ருபூதம் திகைத்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஓலையையும் ஞாபகம் வைத்திருந்தவருக்கு அது தெரியவில்லை. ஒருநாளும் தெரிந்ததில்லை.

“மேப்புல ஏழாம் நம்பர்னு போட்டிருந்துச்சு. நாங்க ஏழாம் நம்பர்னுதான் சொல்லுவோம்.”

“தையல்காரர் பெயர்?”

“தெரியாது.”

“உங்களுக்குப் பெயர் தெரியாது. எனக்கு நம்பர் தெரியாது” என்றார் சுதர்சோனோ. அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “எனக்குப் பன்னிரண்டு வயசு. முதல் நாளே அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே நடந்தாள். ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் தெரு எரிந்து கிடந்தது. எங்கள் தெருவிலும் ஒரு தையல்காரர் இருந்தார். பக்கத்துத் தெருவிலும் ஒருவர் இருந்தார். எல்லாத் தெருவிலும் இருப்பார்கள், மிஸ்டர் மாத்ருபூதம்.”

“நான் சொல்றதை நம்புறீங்களா? எனக்குக் காய்ச்சல்னு சொல்றாங்க.”

“நீங்கள் சொன்ன மாதிரி நடந்தது என்று தெரியும். நீங்கள் செய்தீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கூட இருந்தவரைக் கேளுங்கள்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தப் பதக்கம் உங்கள் பையில்தானே இருக்கிறது? எனக்குக் கொடுப்பீர்களா?” என்று கேட்டார்.

“எதுக்கு?”

“என் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நம்ம தெருவைக் கொளுத்தியவர்களுக்கு அதற்கு என்னதான் கிடைத்திருக்கும் என்று. அவளுக்குக் காட்ட வேண்டும்.”

மாத்ருபூதம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த இளைஞர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், லேசாகக் குனிந்தார், மழையில் இறங்கி நடந்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரமே மெட்ராஸ் ரயிலேறிவிட்டார்.

டிசம்பர் முதல் ஞாயிறு சங்கம் கூடியது. சங்கத்துக்கு ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் உண்டு, அது தங்கையனுக்கு உயிர். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த தடிப் புத்தகம். வருஷத்துக்கு ஒரு முறை படைவீரர் போர்டு ஆபீசில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. எழுதியதைச் சுரண்டக் கூடாது. எதையாவது அடித்தால், அடித்தவர் பக்கத்திலேயே முழுக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாளத்து வழக்கம், தங்கையன் இதில் மட்டும் கடுகளவும் வளைந்து கொடுக்க மாட்டார்.

அவர் போன மாசத்து நிகழ்ச்சியை வாசித்தார். “ஜாவா நாட்டு விருந்தாளி கண்ணீர் மல்க நன்றி கூறினார். நமது உறுப்பினர் திரு. மாத்ருபூதம் இரு நாட்டு நட்பின் சின்னமாகத் தமது பதக்கத்தை விருந்தாளிக்கு அன்பளிப்பாக வழங்கினார்.”

அதையும் எப்படியோ மோப்பம் பிடித்து, அதிலும் தோரணம் கட்டிவிட்டார் மனுஷன். எல்லோரும் மாத்ருபூதத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சங்கத்தில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கமிட்டி மெம்பர் என்கிற முறையில் கடைசிக் கையெழுத்து மாத்ருபூதத்துடையது. கையெழுத்துக்கு மேல் ‘குறிப்பு’ என்று இரண்டு வரி இடம் இருக்கும். இத்தனை வருஷத்தில் அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. மாத்ருபூதம் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்.

‘1945 நவம்பரில் சுரபாயாவில் ஒரு சந்து முழுவதையும் நாலு டின் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினோம். எனக்குத் தண்ணீர் கொடுத்த தையல்காரர் வீட்டை நான் கொளுத்தினேன். உள்ளே பார்க்கவில்லை. பெயர் தெரியாது. உத்தரவு கொடுத்தவர் ஹவில்தார் தங்கையன்.’

கீழே கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தைத் தள்ளினார்.

தங்கையன் படித்தார். முகம் கறுத்துவிட்டது. “என்னாய்யா இது? போர்டு ஆபீசுக்குப் போற புஸ்தகம்யா இது. அங்க சிரிப்பாங்க. என்னா எழவைப் பண்ணி வச்சிருக்கே?”

“தப்பா இருந்தா அடிச்சிடுங்க.”

“அடிக்காம?” தங்கையன் பேனாவைத் திறந்தார். முதல் வரிமேல் வைக்கப்போனவர் நிறுத்தினார். அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது நடக்கவில்லை என்று, ஹவில்தார் தங்கையன், முழுக் கையெழுத்தில். மேடையில் எத்தனை கதை வேண்டுமானாலும் அளக்கலாம். கைதட்டலோடு காற்றில் போய்விடும். நம்பர் போட்ட புத்தகத்தில் அவர் பொய்க் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ‘கண்ணீர் மல்க’ என்பதெல்லாம் அவர் கணக்கில் பொய்யில்லை, அது அலங்காரம்.

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. மை ஒரு சொட்டு ஓரத்தில் விழுந்தது. கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. டம்ளரில் காபி ஆடை கட்டியிருந்தது.

“காய்ச்சல்னு எழுதுங்களேன்” என்றார் மாத்ருபூதம். பன்னிரண்டு வருஷத்து ஆத்திரமும் அந்தக் குரலில் இருந்தது. “நூத்தி நாலு டிகிரின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் இத்தோட விட்டுடுறேன்.”

தங்கையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுத்துக்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“நாலுன்னு எழுதியிருக்கே” என்றார்.

“ஆமாம். நாலு டின்.”

“நாலு உன் லாரியில வந்தது.” தங்கையன் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார். “போதலை. சந்தோட அந்தக் கோடியில நம்ம குஜிலிக் கடைத்தெரு மாதிரி சின்னச் சின்னக் கடையா இருந்துச்சு. அதையும் கொளுத்த நான் போயி வேற லாரியிலேருந்து இன்னும் ரெண்டு டின் வாங்கியாந்தேன்.”

பிறகு நாலு என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே ஆறு என்று எழுதினார். பக்கத்தில், சட்டப்படி, தன் முழுப் பெயரையும் பதவியையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டார்.